பழைய சிமெண்ட் வராண்டா தரை: எபாக்ஸி உரிகிறது, டைல்ஸ் போட மனசில்லை, என்ன செய்யலாம்?

அல்சூர் வராண்டா · அக்டோபர் 14

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு பெங்களூர் அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலிலிருந்து நடந்தால் ஐந்து நிமிஷம். 1971-ல் அப்பா கட்டியது. வாசலில் 14 அடிக்கு 7 அடி ஒரு வராண்டா. உள்பாதிக்கு மங்களூர் ஓடு போட்ட சாய்ப்பு இருக்கிறது, வெளிப்பாதி திறந்த வெளி. தரை சிமெண்ட்தான். நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் ஆறங்குலத்துக்குச் சிவப்பு ஆக்சைடு பட்டை. நடுப்பகுதியை ஈரத்தில் நூல் அழுத்தி 18 கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். சில கோடுகளில் நூலின் முறுக்குகூடப் பதிந்திருக்கும். சின்ன வயதில் மழை நாளில் அந்தக் கோட்டில் விரலை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தரை மங்கிவிட்டது, அங்கங்கே மணல் உதிர்கிறது என்று ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டோம். எபாக்ஸி, அதாவது தரைமேல் தோல் மாதிரிக் கெட்டியாகப் படிகிற பெயிண்ட், அடித்தால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்றார். ஒரு நாள் ஆசிட் ஊற்றிக் கழுவினார். மறுநாள் காலை ஒரு கோட், சாயங்காலம் இன்னொரு கோட். நான் ஆபீஸிலிருந்து வந்து பார்க்கும்போது சிவப்புப் பட்டையும் சாம்பல் பெயிண்டுக்கு அடியில் போய்விட்டிருந்தது.

அடுத்த ஜூன் மழையில் இடதுபக்கச் சுவரோரமாகக் கொப்புளம் கிளம்பியது. ஒன்றை நகத்தால் குத்திப் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர். தொட்டால் வெறும் தண்ணீர் மாதிரி இல்லை, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. இப்போது வெயில் படும் பாதி மஞ்சளடித்துப்போய், அப்பளம் உடைகிற மாதிரித் தகடு தகடாகப் பெயர்கிறது. பெயர்ந்த இடமெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது.

இதையெல்லாம் விடப் பெரிய கவலை அம்மா. 78 வயது. போன மார்கழியில் விடிகாலை வாசல் தெளித்துவிட்டுக் கோலம் போடக் குனிந்தவர் வழுக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தப் பெயிண்டில் தெளித்த தண்ணீர் இறங்காமல் முத்து முத்தாக நிற்கிறது. கோலமாவு அதில் மிதந்து கலைகிறது. காய்ந்த தரையில் போட்டால் காற்று அடித்துக்கொண்டு போகிறது. இப்போது கேட்டுக்கு வெளியே, தெருவில் போடுகிறார். ஏழு மணிக்குள் ஸ்கூட்டர்கள் ஏறிப் போய்விடுகின்றன.

வந்து பார்த்த காண்ட்ராக்டர் எல்லாவற்றையும் மூடி டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார். வாசல் கிரில் கதவு வெளிப்பக்கம் திறப்பது, அதற்கும் தரைக்கும் இடையில் அரை அங்குலம்தான். அது போகட்டும், எனக்கு அந்தச் சிவப்புப் பட்டையைத் திரும்பப் பார்க்க வேண்டும். கடைசி ஓரத்தை அப்பாவே குந்தியிருந்து தேய்த்தார் என்று அம்மா சொல்வார்.

பெயிண்டைத் தரைக்குச் சேதமில்லாமல் எடுக்க முடியுமா? எடுத்தபிறகு மேலே எதையாவது பூசித்தான் ஆக வேண்டுமா? மார்கழிக்குள் முடியுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஜெயநகர் நான்காவது பிளாக் · அக்டோபர் 14

நாங்கள் 2019-ல் டைல்ஸ்தான் போட்டோம், உறுதியாக இருக்கிறது. வழுக்காத தன்மைக்கு ஆர்9-லிருந்து ஆர்13 வரை ஒரு அளவு உண்டு. மழை படும் இடத்துக்கு ஆர்11-க்குக் குறையாமல் கேட்டு வாங்குங்கள். டைல் 12 மிமீ, ஒட்டும் பசை 4 மிமீ, ஆக 16 மிமீ ஏறியது. கேட்டின் அடியை வெல்டரை வைத்து வெட்ட வேண்டியிருந்தது. உங்கள் அரை அங்குலத்துக்கு இது ஒத்துவராது.

எதைச் செய்தாலும் பெயிண்டின் மேலேயே டைல் ஒட்ட விடாதீர்கள். பெயிண்ட் விட்டால் டைலும் கூடவே விடும். இன்னொன்று, எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் டைல் இணைப்புகளில் உப்பு பூக்கிறது. மாதம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்க்கிறோம். உங்கள் தரையில் உப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மேலே எதைப் போட்டாலும் அது பின்னாலேயே வரும்.

நாற்பது வருஷ மேஸ்திரி · அக்டோபர் 15

அம்மா, டைல்ஸ்காரருக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். நான் தர்மபுரிக்காரன். 1984-ல் பெங்களூர் வந்தேன். முதல் பத்து வருஷம் பசவனகுடி, சாம்ராஜ்பேட்டை பக்கம் ரெட் ஆக்சைடு தரைதான் வேலை. நீங்கள் சொல்கிற தரையை நான் கண்ணால் பார்க்காவிட்டாலும் கையால் தெரியும்.

பெயிண்ட் ஏன் கிளம்பியது என்று முதலில் சொல்கிறேன். அந்தக் காலத்தில் தரைக்கடியில் யாரும் பாலிதீன் விரிக்க மாட்டார்கள். மண்ணைத் தண்ணீர் விட்டு இடித்து, ஜல்லி கான்கிரீட் போட்டு, அதன்மேல் பூச்சு. மண்ணில் இருக்கிற ஈரம் மெல்ல மேலே வரும், காற்றில் போய்விடும். ஐம்பது வருஷம் உங்கள் தரை அப்படித்தான் மூச்சு விட்டது. எபாக்ஸி அதன் வாயை அடைத்துவிட்டது. ஈரம் வெளியே போக வழியில்லாமல், கூடவே கரைத்துக்கொண்டு வந்த உப்போடு பெயிண்டுக்கடியில் சேர்ந்து தள்ளுகிறது. நீங்கள் தொட்ட பிசுபிசுப்பு அந்தக் காரத் தண்ணீர்தான். ஆசிட் ஊற்றிக் கழுவிய மறுநாளே அடித்ததும் தப்பு. மேலே வெளுத்துத் தெரியும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். மஞ்சளடித்தது வேறு விஷயம். எபாக்ஸிக்கு வெயில் ஆகாது, வீட்டுக்குள் போட வேண்டியதை வாசலில் போட்டுவிட்டார்கள்.

காசு செலவில்லாத மூன்று சோதனை இருக்கிறது, செய்து பாருங்கள். ராத்திரி தெரு அடங்கியபிறகு சுத்தியலின் மரக்கைப்பிடியால் ஒவ்வொரு கட்டத்தையும் தட்டுங்கள். கெட்டியாக இருந்தால் 'டங்'கென்று கேட்கும். அடியில் விட்டிருந்தால் 'பொத்'தென்று சத்தம் செத்துப்போய் வரும். அந்தக் கட்டங்களில் சாக்பீஸால் குறி போடுங்கள். அடுத்தது, பெயிண்ட் போன இடத்தில் ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தெளிவான பாலிதீனை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, வெயில் படாமல் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது அடியில் வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். கடைசியாக, பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, உறிஞ்சுகிறதா நிற்கிறதா பாருங்கள்.

மார்கழி வேண்டாம் அம்மா. ஐப்பசி, கார்த்திகை மழை இங்கே நவம்பர் கடைசிவரை இழுத்துவிடும். தை பிறக்கட்டும். சோதனை என்ன சொல்கிறது என்று எழுதுங்கள், மீதியை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அல்சூர் வராண்டா · அக்டோபர் 19

ஐயா, மூன்றும் செய்தேன். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு நானும் என் பையனும் டார்ச் வைத்துக்கொண்டு தட்டினோம். 18 கட்டத்தில் 15 நன்றாக ஒலிக்கின்றன. இடதுபக்கச் சுவரோரத்தில் வரிசையாக மூன்று 'பொத்'. நீங்கள் எழுதிய அதே சத்தம். கேட்டவுடன் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

பாலிதீன் இரண்டு இடத்தில் ஒட்டினேன். வலதுபக்கம் ஒட்டியது ஏறக்குறைய காய்ந்தேதான் இருந்தது. இடதுபக்கம் ஒட்டியதன் அடியில் திவலை திவலையாக நீர். தூக்கியதும் தரையில் வழிந்தது. தண்ணீர்ச் சொட்டு சாம்பல் பகுதியில் அரை நிமிஷத்தில் உள்ளே போய்விட்டது.

இன்னும் இரண்டு விஷயம். மொட்டைமாடி மழைநீர்க் குழாய் அந்த இடதுபக்கச் சுவருக்கு வெளியேதான் இறங்குகிறது. தண்ணீரைத் திருப்பிவிட அடியில் முழங்கை (வளைவுக் குழாய்த் துண்டு) இல்லை, நேராக மல்லிகைப் பாத்தியில் கொட்டுகிறது. இதற்கும் கொப்புளத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று இதுவரை தோன்றவே இல்லை. இரண்டாவது, படியில் எபாக்ஸி பெயர்ந்த இடத்தில் அடியில் பழைய சிவப்பு எனாமல் பெயிண்ட் தெரிகிறது. 90-களில் ஒரு பொங்கலுக்கு அப்பா அடித்தது.

அப்புறம், பட்டி போடும் தகட்டை வைத்து ஒரு மூலையில் பெயிண்டைக் கிளப்பிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே தகடாக வந்துவிட்டது. அடியில் சிவப்புப் பட்டை. ஈரத்துணியால் துடைத்ததும் நிறம் அப்படியே எழுந்து வந்தது, பழைய மண்பானையின் நிறம். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து, இரண்டு விரலால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நாற்பது வருஷ மேஸ்திரி · அக்டோபர் 20

பாதி வேலை முடிந்துவிட்டது அம்மா. உங்கள் தரைக்கு வியாதி இல்லை. மாடித் தண்ணீர்தான் அந்த மூலையைக் கெடுத்திருக்கிறது. இந்த வாரமே குழாய்க்கு முழங்கை போட்டு, அடித்தளத்தைவிட்டு ஆறடி தள்ளி விடுங்கள். மல்லிகைப் பாத்தியையும் சுவரைவிட்டு இரண்டடி நகர்த்துங்கள். இதைச் செய்துவிட்டு இரண்டு மாதம் தரையைத் தொடாதீர்கள், தானாகக் காயட்டும். உப்பு பூத்தால் காய்ந்த பிரஷால் கூட்டி அள்ளுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும்.

பெயிண்டை எடுக்க ஆசிட் வேண்டாம். ஆசிட் எபாக்ஸியை ஒன்றும் செய்யாது, சிமெண்டைத்தான் தின்னும். சிவப்புப் பட்டையில் பட்டால் நிறம் வெளிறிப்போகும். அதன் புகை கிரில் கதவைத் துருப்பிடிக்க வைக்கும். தகட்டால் கிளம்புகிற மட்டும் கிளப்புங்கள். கிளம்பாததை மொசைக் மெஷினில் தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம். நடுப்பகுதிக்கு மட்டும்தான் மெஷின். பட்டையின் மேல் அதை ஏற்ற விடாதீர்கள். அந்தச் சிவப்பு இரண்டு மூன்று மிமீ கனம்தான் இருக்கும், மெஷின்காரன் ஒரு நிமிஷம் அசந்தால் அடியில் இருக்கிற சாம்பல் வந்துவிடும். பட்டையைக் கார்பரண்டம் கல்லில் (தரை தேய்க்கிற சொரசொரப்பான கல்), கையால், 120 நம்பரில் தேய்க்கச் சொல்லுங்கள். நம்பர் ஏற ஏறக் கல் நைசாகும். நேரம் எடுக்கும். உங்கள் அப்பா தேய்த்ததும் அப்படித்தான்.

நடுவிலும் 120 நம்பரோடு நிறுத்திவிடுங்கள். மெஷின்காரர் 400, 800 என்று போய்ப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்பார். அவருக்கு அது பெருமை. உங்கள் அம்மாவுக்கு அது திரும்ப மாவுக்கட்டு.

பொத்துப்போன மூன்று கட்டத்தையும் நூல்கோடு வரை முழுசாக உடைத்து எடுங்கள். நடுவில் ஒட்டுப்போட்டால் அந்த ஒட்டு ஆயுசுக்கும் தெரியும். கோட்டோடு நிறுத்தினால் கண்ணுக்கு உறுத்தாது. அடியைக் கொத்திவிட்டு, தூசி போகக் கழுவி, ஒரு ராத்திரி முழுக்க ஈரமாக வைத்து, காலையில் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (பழசோடு புதுசை ஒட்டவைக்கிற ரப்பர்ப் பால்) கலந்த சிமெண்ட் பாலைப் பிரஷால் தேய்த்து, அது காய்வதற்குள் கலவையைப் போட வேண்டும். ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு சலித்த மணல், தண்ணீர் குறைவாக. ரசமட்டம் வைத்துப் பழைய வாட்டத்தோடு சேருங்கள். ஏழடிக்கு ஓரங்குலம் வெளிப்பக்கம் சரிய வேண்டும். தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கரணை போடுகிற ஆளை நிறுத்துங்கள். அப்படிச் செய்தால் சிமெண்ட் பால் மேலே மிதந்து வரும், நாலு வருஷத்தில் அதுதான் மணலாக உதிரும். கடைசியில் முறுக்கின பருத்தி நூலை இழுத்துக் கட்டி அழுத்தி எடுத்தால் பழைய கோடு வந்துவிடும்.

மறுநாளிலிருந்து களிமண்ணில் பாத்தி கட்டிப் பத்து நாள் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கு போடாதீர்கள், சாக்கின் கறை இறங்கும். தை மாதம் வெயில் இதமாகத் தெரியும், ஆனால் காற்றில் ஈரம் இருக்காது. மயிரிழை விரிசல் அதனால்தான் வருகிறது. பாத்தி கட்டும்வரைகூட மேலே நிழலுக்கு ஏதாவது கட்டுங்கள்.

புது மூன்று கட்டமும் பழசைவிட வெளுப்பாகத்தான் இருக்கும். நிறம் சேர்க்கிறேன் என்று யாராவது கறுப்பு ஆக்சைடு கலந்தால் விடாதீர்கள். கலவை காய்ந்தால் ஒரு நிறம், நனைந்தால் ஒரு நிறம், யாராலும் கணக்காகச் சேர்க்க முடியாது. இரண்டு மழை பார்த்தால் அதுவே ஒத்துப்போகும்.

ஒயிட்ஃபீல்ட் சிவில் · அக்டோபர் 20

மேஸ்திரி ஐயா சொன்னதில் மாற்ற எதுவும் இல்லை. படியில் இருக்கிற பழைய சிவப்பு எனாமல் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. 90-களின் எனாமலில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். படியைக் காய்ந்த நிலையில் கிரைண்டர் வைத்துத் தேய்க்கவே கூடாது. ஈரமாக்கித் தகட்டால் சுரண்டி, வரும் குப்பையைப் பையில் கட்டி எடுங்கள். மல்லிகைப் பாத்தியில் கொட்டிவிடாதீர்கள். குழந்தைகளும் அம்மாவும் அன்று உள்ளே இருக்கட்டும். நடுத்தரையைத் தேய்க்கும்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சிமெண்ட் தூசியில் சிலிக்கா உண்டு, வேலை செய்கிறவருக்கு என்95 முகமூடி வாங்கிக் கொடுங்கள். ஈரத்தில் மெஷின் ஓடுவதால் அந்த லைனில் இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

மேலே பூச வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். படலம் கட்டுகிற எதுவும் வேண்டாம். மணல் உதிர்வதற்கு லித்தியம் சிலிக்கேட் கெட்டிப்படுத்தி ஒருமுறை தடவலாம். அது சிமெண்டில் மீந்திருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து நுண்துளைகளுக்குள் கெட்டியாகிவிடும், மேலே தோல் மாதிரி எதுவும் நிற்காது. திறந்த பாதிக்கு மட்டும் சைலேன்-சிலாக்சேன் என்கிற நீர்விலக்கும் திரவத்தைத் தடவினால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது, ஆனால் உள்ளிருந்து வருகிற ஆவி வெளியே போகும். சில வருஷத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டியிருக்கும். இரண்டுமே புதுக் கட்டங்கள் 28 நாள் ஆறியபிறகுதான்.

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் · அக்டோபர் 21

அக்கா, நான் கோலத்துக்காக மட்டும் எழுதுகிறேன். எங்கள் மாமியார் வீட்டு முற்றத்தில் அந்த சைலேன் தடவினார்கள். தரை பார்க்க மாறவே இல்லை, வழுக்கவும் இல்லை. ஆனால் தெளித்த தண்ணீர் உருண்டு ஓடிவிடுகிறது. கோலத்துக்குத் தண்ணீர் எதற்காகத் தெளிக்கிறோம், தரை கொஞ்சம் குடித்துவிட்டு மேலே ஒரு ஈரம் மட்டும் வைத்திருக்க வேண்டும், அதில்தான் மாவு பிடிக்கும். குடிக்காத தரையில் புள்ளி வைத்தால் வைத்த இடத்தில் நிற்காது. மாக்கோலம் இன்னும் மோசம், இழை காய்வதற்குள் பிசிறிவிடும்.

அதனால் படிக்கு நேரே உங்கள் அம்மா கோலம் போடும் இடத்தை அளந்து, அதை மட்டும் எதுவும் தடவாமல் விடச் சொல்லுங்கள். நாலுக்கு நாலு போதுமா, வெள்ளிக்கிழமைக் கோலத்துக்கு இன்னும் வேண்டுமா என்று அம்மாவையே கேளுங்கள். டேப் ஒட்டி மறைத்துவிட்டால் சுத்தமாக நிற்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிவப்புத் தரை என்றாலே தேங்காய் எண்ணெய் போட்டுத் துடை என்று யாராவது சொல்வார்கள். கூடத்துக்கு அது சரி, அழகாக இருக்கும். வாசலுக்கு வேண்டவே வேண்டாம். எண்ணெயில் தூசி ஒட்டும், பனி இறங்கிய காலையில் கால் நிற்காது.

நாற்பது வருஷ மேஸ்திரி · அக்டோபர் 21

மல்லேஸ்வரம் அம்மா சொன்னது சரி. நாற்பது வருஷத்தில் நான் இதை யோசித்ததில்லை, நாங்கள் வேலை முடிந்ததும் போய்விடுகிறோம், காலையில் கோலம் போடுவதைப் பார்ப்பதில்லை. அந்த இடம் நூல்கோட்டுக்குள் அடங்கும்படி விடுங்கள். கெட்டிப்படுத்தியையும் அங்கே தடவ வேண்டாம்.

அல்சூர் வராண்டா · மார்ச் 3

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள், முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அடுத்தவர்களுக்கும் உதவும் என்பதால் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

அக்டோபரிலேயே குழாய்க்கு முழங்கை போட்டு, ஏழடி நீட்டி, தெருச் சாக்கடைப் பக்கம் திருப்பினோம். நவம்பரில் நல்ல மழை பெய்தது. இடது மூலையில் வழக்கமாக வருகிற கறுப்பு ஈரம் வரவில்லை. பொங்கலுக்கு அடுத்த வாரம் பாலிதீனைத் திரும்ப ஒட்டிப் பார்த்தேன். அடியில் லேசான மங்கல் மட்டும், ஒரு திவலைகூட இல்லை.

ஜனவரி 20-ல் வேலை ஆரம்பம். ஆள் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர், சிமெண்ட் தரை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. கடைசியில் பக்கத்துத் தெருப் பூக்காரம்மா தன் சித்தப்பாவை அனுப்பினார். கிருஷ்ணகிரிக்காரர், எழுபதை நெருங்குகிறவர். வந்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் வராண்டா முழுக்க ஒருமுறை நடந்தார். சாக்பீஸ் குறியைத் துடைத்துவிட்ட அந்த மூன்று கட்டத்தையும் காலாலேயே கண்டுபிடித்துவிட்டார்.

எபாக்ஸி முக்கால்வாசி தகட்டிலேயே வந்தது. மீதிக்கு ஒன்றரை நாள் மெஷின். படியை ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பையனும் நனைத்து நனைத்துச் சுரண்டினோம். சிவப்புப் பட்டைக்கு அவர் மெஷினைக் கிட்டேயே விடவில்லை. மூன்று நாள், குந்தியிருந்து, சாண் சாணாகக் கல்லால் தேய்த்தார். கல்லை நனைத்து எட்டு முறை வட்டமாக, எட்டு முறை நேராக. பிறகு சேற்றை உள்ளங்கையால் வழித்துவிட்டு, முகத்தைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சாய்வாகப் பார்ப்பார். திருப்தியில்லை என்றால் திரும்ப நேராக எட்டு முறை. மூன்றாம் நாள் கேட் பக்கத்து மூலையில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். அங்கே பட்டை ஒரு நூல் அளவு அலையாக இருக்கிறது, மற்ற மூன்று பக்கம் போல மட்டமாக இல்லை. "இது கொத்தனார் கை இல்லையே, யார் தேய்ச்சது?" என்று கேட்டார். சொன்னேன். சரி, இதை மட்டமாக்க வேண்டாம் என்று அழுக்கு போகிற மட்டும் தேய்த்து விட்டுவிட்டார்.

மூன்று கட்டமும் ஜனவரி 25-ல் போட்டோம். அம்மாவின் பழைய இரண்டு புடவைகளை நிழலுக்குக் கட்டினோம். பாத்தியில் பத்து நாள் தண்ணீர் நின்றது. காக்கைகள் வந்து குளித்தன. ஒரு கட்டத்தில் மட்டும் மூலையோரம் விரல் நீளத்துக்கு ஒரு மயிரிழை விரிசல் வந்தது. இரண்டு பக்கமும் பென்சிலால் தேதி எழுதி வைத்திருக்கிறேன், இதுவரை நீளவில்லை. செலவு மெஷின், ஆள் கூலி, பொருள் எல்லாம் சேர்த்து 21,500 ரூபாய் ஆனது. டைல்ஸுக்குச் சொன்ன தொகையைவிடக் கொஞ்சம் குறைவு.

நிறம் ஐயா சொன்ன மாதிரிதான். புது மூன்று கட்டமும் வெளுப்பாகத் தனியாகத் தெரிகின்றன. வருகிறவர்கள் கேட்கிறார்கள், எனக்கு அது உறுத்தவில்லை.

பிப்ரவரி 24-ல் கெட்டிப்படுத்தியும், இரண்டு நாள் கழித்துத் திறந்த பாதிக்கு சைலேனும் தடவினோம். கோலத்துக்கு எத்தனை கட்டம் விடலாம் என்று அம்மாவைக் கேட்டேன். நாலு என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு ஆறு என்றார். படிக்கு நேரே ஆறு கட்டமும் டேப் ஒட்டி மறைத்து, தடவாமல் விட்டிருக்கிறோம்.

நேற்றுக் காலை அஞ்சரை மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். அம்மா தெளித்துவிட்டுச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார், தரை குடிக்கட்டும் என்று. தெளித்த இடம் முதலில் பளபளத்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளபளப்பு இறங்கிக் கறுப்பாக மட்டும் நின்றது. அப்புறம்தான் குனிந்தார். ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி. மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்பாததால் வளைவுகளுக்கு உடம்பையே திருப்பி இழுத்தார். வழுக்கவில்லை. சாயங்காலம்வரை கோலம் அப்படியே இருந்தது.

ஐயா, ஒன்று மட்டும் மீதி. பெயிண்டைச் சுரண்டியபோது மேல்படியின் விளிம்பு இரண்டு இடத்தில் உடைந்திருப்பது தெரிந்தது. இப்போதே பார்க்கலாமா, மழை முடிந்தபிறகா?

நாற்பது வருஷ மேஸ்திரி · மார்ச் 4

இப்போதே செய்யுங்கள், மழைக்கு விடாதீர்கள். உடைந்த விளிம்பில் தண்ணீர் இறங்கினால் படி முழுக்கக் கிளம்பும். உடைந்த இடத்தைச் சாய்வாக வெட்டாமல் உளியால் நேர்ச்சதுரமாக வெட்டி எடுத்து, அதே லேடெக்ஸ் பால், அதே கலவை. முன்னால் ஒரு பலகையை முட்டுக் கொடுத்து, இரண்டு நாள் கழித்துத்தான் எடுக்க வேண்டும். மார்ச் வெயில் கடுமை, காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் நனையுங்கள், பத்து நாள். விளிம்பைக் கூர்மையாக விடாமல் ஈரத்திலேயே கட்டைவிரல் பருமனுக்கு உருட்டிவிடச் சொல்லுங்கள். அந்தக் கிருஷ்ணகிரிக்காரர் இன்னும் வேலைக்கு வருகிறார் என்றால் அவரையே கூப்பிடுங்கள். அவர் நம்பரை எனக்கும் தனியாக அனுப்புங்கள் அம்மா, சாம்ராஜ்பேட்டையில் ஒரு கூடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.